மூடிய அரசுக் கோப்புகளைத் திறப்பது யார் கையில் இருக்கிறது?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். 1970களின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு மத்திய அமைச்சகக் கோப்பின் எண்ணைப் பழைய பட்டியல் ஒன்றில் கண்டுபிடித்து, டெல்லியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் அதைக் கேட்டிருக்கிறீர்கள். ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்பும் அது கைக்கு வரவில்லை; கோரிக்கைச் சீட்டுதான் 'என்.டி.' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. முப்பது ஆண்டு ஆனால் அரசுக் கோப்புகள் தாமாகவே பொதுமக்களுக்குத் திறந்துவிடும் என்று பல இடங்களில் படித்திருக்கிறீர்கள். அப்படியானால் இந்தக் கோப்பை மூடி வைக்க முடிவெடுத்தவர் யார், அந்த முடிவை எதிர்த்துக் கேட்க வழி உண்டா என்பது உங்கள் கேள்வி.

இந்தியாவில் எந்தக் கோப்பும் வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் திறப்பதில்லை. திறக்கலாமா வேண்டாமா என்பதை ஆவணக்காப்பகம் முடிவு செய்வதும் இல்லை. கோப்பை உருவாக்கிய அமைச்சகமோ துறையோதான் முடிவு செய்கிறது. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மூடிக் கிடக்கும் கோப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றை மூடி வைக்க வேண்டும் என்று யாரும் யோசித்து முடிவெடுத்ததே இல்லை. அவற்றை எடுத்துப் படித்து முடிவெடுக்க வேண்டிய வேலையை யாரும் செய்யவில்லை என்பதாலேயே அவை மூடிக் கிடக்கின்றன. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் யாரிடம், எந்தச் சட்டத்தின் கீழ், என்ன கேட்பது என்பது தெளிவாகும்.

முதலில் அந்த முப்பது ஆண்டு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1993-இல் நாடாளுமன்றம் இயற்றி 1995 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த பொது ஆவணங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் அது இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். ரகசிய முத்திரை இல்லாத, முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட, ஆவணக்காப்பகத்துக்கு ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்ட ஆவணங்களை, விதிகளில் சொல்லப்படும் விலக்குகளுக்கும் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டு, உண்மையான ஆய்வாளர்களுக்குக் காட்டலாம் என்றுதான் அது சொல்கிறது. 'காட்ட வேண்டும்' என்ற கட்டளை அதில் இல்லை. முப்பது ஆண்டு என்பது மூன்று நிபந்தனைகளில் ஒன்று மட்டுமே. மற்ற இரண்டும், அதாவது முத்திரை நீங்கியிருப்பதும் கோப்பு ஆவணக்காப்பகத்துக்கு வந்து சேர்ந்திருப்பதும், முழுக்க முழுக்க அமைச்சகத்தின் கையில் இருக்கின்றன. அதே சட்டத்தின் 10-ஆவது பிரிவு, ரகசிய முத்திரை தாங்கிய எந்த ஆவணத்தையும் ஆவணக்காப்பகத்துக்கு மாற்றக்கூடாது என்று தடையும் விதிக்கிறது. ஆகவே முத்திரை நீங்காதவரை கோப்பு அமைச்சகத்தின் பதிவறையை விட்டு நகராது. நகராதவரை முப்பது ஆண்டு விதி அதன்மேல் படவே படாது. அறுபது ஆண்டானாலும் இதே நிலைதான்.

உங்களுக்கு வந்த பதிலை இந்த இடத்தில் பொருத்திப் பார்க்கலாம். வாசிப்பறையில் கோரிக்கைச் சீட்டை எழுதிக் கொடுத்தால் சில நேரம் கோப்பு வரும். சில நேரம் சீட்டு மட்டும் 'என்.டி.' என்ற இரண்டு எழுத்துகளோடு திரும்பி வரும். 'நாட் டிரான்ஸ்ஃபர்டு', அதாவது ஆவணக்காப்பகத்துக்கு மாற்றப்படவில்லை என்று அதற்குப் பொருள். டெல்லியில் ஆய்வு செய்தவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன எழுத்துகள் அவை. அமைச்சகங்கள் அந்தந்த ஆண்டில் அச்சிட்ட கோப்புப் பட்டியல்கள் ஆவணக்காப்பகத்தில் இருக்கும். பட்டியலில் கண்ட கோப்பு அங்கே இருக்க வேண்டும் என்பதில்லை. காகிதம் நொறுங்கும் நிலையில் இருப்பதால் தர இயலாது என்ற பதில் வேறு வகை. அது பராமரிப்பு பற்றியது, அனுமதி பற்றியது அன்று. 'என்.டி.' என்று வந்தால் ஆவணக்காப்பகம் உங்களுக்கு எதையும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு அதனிடம் எதுவும் இல்லை. அந்தக் கோப்பு அமைச்சகத்தில் முத்திரையோடு இருக்கலாம், முத்திரை இல்லாமலேயே ஏதோவொரு அலமாரியில் கிடக்கலாம், பல ஆண்டுகளுக்கு முன்பே அழிக்கப்பட்டிருக்கலாம். இந்த மூன்றில் எது என்பதைக் கண்டறிவதுதான் உங்களுடைய முதல் வேலை.

எத்தனை கோப்புகள் இப்படி வராமலே கிடக்கின்றன என்பதற்கு ஆவணக்காப்பகமே தந்த கணக்கு ஒன்று உண்டு. 2022 டிசம்பரில், அப்போதைய தலைமை இயக்குநர் சந்தன் சின்ஹா ஓர் அரசுக் கருத்தரங்கில் இதை வெளிப்படையாகச் சொன்னார். மத்திய அரசில் 151 அமைச்சகங்களும் துறைகளும் இருக்க, அவற்றில் 36-இன் ஆவணங்களே அப்போது ஆவணக்காப்பகத்தில் இருந்தன. 1962, 1965, 1971 போர்களைப் பற்றிய ஆவணங்கள் இருக்கவில்லை. பசுமைப் புரட்சியைப் பற்றியவை கூட இருக்கவில்லை. சுதந்திரத்திலிருந்து அந்த ஆண்டின் தொடக்கம் வரை பாதுகாப்பு அமைச்சகம் அனுப்பியவை 476 கோப்புகள் மட்டும் என்றும், 1960 வரையிலான சுமார் 20,000 கோப்புகள் அந்த ஓர் ஆண்டில் வந்து சேர்ந்தன என்றும் அவர் கூறினார். இந்தக் கடைசிச் செய்தியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஒரே ஆண்டில் இருபதாயிரம் கோப்புகளை அனுப்ப முடிந்தது என்றால், அதுவரை அவை வராமல் இருந்ததற்கு நாட்டின் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்ல இடமில்லை. யாராவது உட்கார்ந்து அவற்றைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பசுமைப் புரட்சியின் கோப்புகளில் எந்த எதிரிக்கு என்ன பயன் கிடைத்துவிடும் என்று யோசித்தால் இது இன்னும் தெளிவாகும்.

சட்டம் இந்த வேலையைச் செய்யாமல் இருக்க அனுமதிக்கிறதா என்றால், இல்லை. ஒவ்வோர் அமைச்சகமும் ஓர் ஆவண அலுவலரை நியமிக்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டு கடந்த ஆவணங்களை ஆவணக்காப்பகத்தோடு கலந்து மதிப்பீடு செய்து நிரந்தர மதிப்புள்ளவற்றைப் பிரித்தெடுப்பதும், ரகசிய முத்திரையைக் குறைப்பதற்காகக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுபரிசீலனை செய்வதும், எது எவ்வளவு காலம் வைக்கப்படும் என்ற அட்டவணையைத் தயாரிப்பதும், ஆண்டறிக்கை தருவதும் அவருடைய பொறுப்புகள் என்று 6-ஆவது பிரிவு வரிசைப்படுத்துகிறது. 1997-இல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், சார்புச் செயலாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவரிடம் இந்தப் பொறுப்பை எழுத்துமூலம் ஒப்படைக்க வேண்டும் என்றும், அவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ரகசியக் கோப்புகளைப் பார்க்க வேண்டும் என்றும் கூறுகின்றன. இருந்தும் இந்த வேலை நடக்கவில்லை. காரணம் எளிது. சட்டவிரோதமாக ஆவணத்தை அழித்தாலோ அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோனாலோ ஐந்தாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. மறுபரிசீலனை செய்யாமல் கோப்பை அலமாரியிலேயே விட்டுவைத்தால் தண்டனை எதுவும் இல்லை. முத்திரையை நீக்கிக் கையெழுத்திடும் அதிகாரி நாளைக்கு ஏதாவது சர்ச்சை கிளம்பினால் பதில் சொல்ல வேண்டியவராகிறார். நீக்காதவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. இப்படி ஓர் ஏற்பாட்டுக்குள் வேலை செய்யும் மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் போர் வரலாறுகளைப் பற்றிக் கொண்டுவந்த கொள்கை இதில் ஒரு முன்னேற்றம். ஆவணங்களின் ரகசிய நிலை பொதுவாக இருபத்தைந்து ஆண்டுகளில் நீக்கப்பட வேண்டும் என்று அது தெளிவாகவே சொல்கிறது. அதன்படி, போர் வரலாறு தொகுக்கப்பட்ட பிறகு, அந்த வயதைக் கடந்த ஆவணங்களை வல்லுநர்கள் மதிப்பிட்டு ஆவணக்காப்பகத்துக்கு மாற்ற வேண்டும். ஆனால் அங்கேயும் முடிவு அந்தந்த அமைப்புகளின் பொறுப்பிலேயே விடப்பட்டிருக்கிறது. வெளியாள் ஒருவர் வந்து 'இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்கும் இடம் அதில் இல்லை.

அப்படிக் கேட்கும் இடம் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்தான் இருக்கிறது. பொது ஆவணங்கள் சட்டம் ஆய்வாளரைப் பார்த்து 'காட்டலாம்' என்கிறது. தகவல் உரிமைச் சட்டமோ குடிமக்கள் எல்லோருக்கும் உரிமை என்கிறது, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை என்கிறது. 1923-இன் அலுவலக ரகசியச் சட்டத்தோடு முரண்பட்டால் தகவல் உரிமைச் சட்டமே மேலோங்கும் என்று 22-ஆவது பிரிவு அறிவிக்கிறது. ஆகவே ஒரு கோப்பின் மேலட்டையில் 'ரகசியம்' என்ற முத்திரை இருப்பது மட்டுமே மறுப்பதற்குப் போதிய காரணமாகாது. 8-ஆவது பிரிவில் எண்ணப்பட்டிருக்கும் விலக்குகளில் ஒன்றில் அது அடங்க வேண்டும். அடங்குகிறது என்று காட்டும் சுமை 19(5) பிரிவின்படி மறுப்பவரின் தலையில் இருக்கிறது.

பழைய கோப்புகளைத் தேடுபவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி 8(3). நிகழ்ந்து இருபது ஆண்டுகள் ஆன செய்திகளைப் பற்றிய தகவலைத் தர வேண்டும் என்று அது கட்டளையாகவே சொல்கிறது. முப்பது அன்று, இருபது. ஆனால் மூன்று விலக்குகள் இருபது ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கும்: (அ) நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டோடான உறவு முதலியவை, (ஆ) நாடாளுமன்ற, சட்டமன்ற உரிமைகள், (இ) அமைச்சரவை ஆவணங்கள். மற்றவை எல்லாம் இருபது ஆண்டில் உதிர்ந்துவிடுகின்றன. வணிக ரகசியம், நம்பிக்கையின்பேரில் வைத்திருக்கும் தகவல், விசாரணைக்கு இடையூறு, தனிநபர் தகவல் என்ற காரணங்களைச் சொல்லி 1972-ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்றைப் பற்றிய கோப்பை மறுக்க முடியாது. இதில் கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்று: வெளிநாட்டு அரசு ஒன்று நம்பிக்கையோடு தந்த தகவல் என்ற விலக்கு இருபது ஆண்டில் போய்விடுகிறது, வெளிநாட்டோடான உறவு பாதிக்கப்படும் என்ற விலக்கோ நிற்கிறது. ஆகவே வெளியுறவு சார்ந்த கோப்புகளில் அதிகாரிகள் எப்போதும் இரண்டாவதையே பற்றிக்கொள்வார்கள். அமைச்சரவை ஆவணங்களிலும் விலக்கு முழுமையானதன்று; முடிவெடுக்கப்பட்டு விஷயம் முற்றுப்பெற்ற பிறகு முடிவையும் அதன் காரணங்களையும் அடிப்படையான ஆவணங்களையும் வெளியிட வேண்டும் என்று அதே விலக்கிலேயே ஓர் உட்பிரிவு இருக்கிறது.

இத்தனை விலக்குகளுக்கும் மேலாக 8(2) நிற்கிறது. வெளியிடுவதால் வரும் பொதுநலன், பாதுகாக்கப்படும் நலனுக்கு நேரக்கூடிய தீங்கைவிட அதிகமாக இருந்தால் தகவலைத் தரலாம் என்பது அதன் சாரம். மூடிய ஆவணத்தைத் திறப்பதா என்ற கேள்வியின் உயிர்நாடி இந்தத் தராசுதான். எதை வெளியிட்டால் யாருக்கு, என்ன தீங்கு, இன்றைய தேதியில் எவ்வளவு நிகழக்கூடியது என்று ஒரு பக்கம். இதை அறியாமல் இருப்பதால் மக்கள் எதை இழக்கிறார்கள் என்று மறுபக்கம். உண்மையாக நிறுத்துப் பார்த்து எழுதப்பட்ட மறுப்பு அரிது. பெரும்பாலும் பாதுகாப்பு, வெளியுறவு பற்றிய விலக்கின் எண்ணை மட்டும் எழுதி 'பிரிவு 8(1)(ஏ)-இன்படி மறுக்கப்படுகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியைத்தான் மேல்முறையீட்டில் எதிர்க்க வேண்டும்.

நேதாஜி கோப்புகளின் கதை இந்தத் தராசு எப்படித் தவறாகப் பிடிக்கப்படுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டும். 1945 ஆகஸ்ட் 18 அன்று தைவானில் நடந்த விமான விபத்தில் சுபாஷ் சந்திர போஸ் இறந்தாரா என்பதை ஆராய 1956-இல் ஷா நவாஸ் குழு, 1970-இல் கோஸ்லா ஆணையம், 1999-இல் முகர்ஜி ஆணையம் என்று மூன்று விசாரணைகள் நடந்தன. நம்மவர்களுக்கும் இதில் அக்கறை குறைவில்லை. மலேயாவின் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று மேடைதோறும் சொல்லிவந்தவர் முத்துராமலிங்கத் தேவர். தகவல் உரிமைச் சட்டம் வந்ததும் மிஷன் நேதாஜி என்ற அமைப்பு, முதல் இரண்டு விசாரணைகளிலும் பயன்பட்ட ஆவணங்களை உள்துறை அமைச்சகத்திடம் கேட்டது. வெளியிட்டால் நாட்டில், குறிப்பாக மேற்கு வங்கத்தில், கடுமையான சட்டம் ஒழுங்குச் சிக்கல் வரக்கூடும் என்று அமைச்சகம் வாதிட்டது. இச்சட்டத்தின் கீழ் இரண்டாவது மேல்முறையீட்டைக் கேட்கும் மத்தியத் தகவல் ஆணையம் 2007-இல் வெளியிடவே உத்தரவிட்டது. பிரதமர் அலுவலகத்திடம் இருந்த கோப்புகளுக்கோ வேறு காரணம் சொல்லப்பட்டது: வெளியிட்டால் வெளிநாடுகளோடான உறவு கெடும். இருபது ஆண்டு கடந்தும் சாகாத அந்த விலக்கு எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்ததே. 2015 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு தன்னிடமிருந்த 64 கோப்புகளைத் திறந்தது. அடுத்த மாதம் பிரதமர் போஸ் குடும்பத்தாரைச் சந்தித்து, மத்திய அரசின் கோப்புகளையும் திறப்பதாக உறுதியளித்தார். 2016 ஜனவரி 23 அன்று 100 கோப்புகளின் மின்படிகள் ஆவணக்காப்பகத்தில் வெளியாயின. அதன் பின் மாதந்தோறும் 25 என்ற கணக்கில் மற்றவையும் வந்து, மொத்தம் 304 ஆயின. எந்த வெளிநாட்டு உறவும் கெடவில்லை. எந்த ஊரிலும் கலவரம் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்டுவந்த தீங்கு, சோதித்துப் பார்த்த நாளில் இல்லாமல் போயிற்று. இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தக் கோப்புகளைத் திறந்தது எந்த மறுபரிசீலனை அதிகாரியும் இல்லை, ஐந்தாண்டு விதியும் இல்லை; அரசியல் முடிவு. நேதாஜி என்ற பெயருக்கு அந்த வலிமை இருந்தது. நெய்வேலிக்கு நிலம் கொடுத்த குடும்பத்தின் கோப்புக்கோ, ஏதோவொரு பாசனத் திட்டத்தின் கோப்புக்கோ அந்த வலிமை இல்லை. அதனால்தான் அரசியல் விருப்பத்தை நம்பியிராத ஒரு முறை வேண்டும் என்கிறேன்.

அதே விவகாரத்தில் எனக்கு மிகவும் வேதனை தரும் செய்தி வேறு. பிரதமர் அலுவலகத்தில் 12(226)/56-பிஎம் என்ற எண்ணில் நேதாஜியின் மரணம் பற்றிய ஒரு கோப்பு இருந்தது. 1972-இல், வழக்கமான களையெடுப்பில் அது அழிக்கப்பட்டுவிட்டது என்று பின்னாளில் தெரிவிக்கப்பட்டது. கோஸ்லா ஆணையம் அப்போது நடந்துகொண்டிருந்தது. திறப்பதற்கு நூறு தடைகள் வைத்திருக்கும் அமைப்பில் அழிப்பதற்கு ஒரு கையெழுத்துப் போதுமாக இருந்திருக்கிறது. இன்றைய சட்டம் பதிவுசெய்து மதிப்பிடாமல் எதையும் அழிக்கக்கூடாது என்கிறது. 1892-க்கு முற்பட்ட எந்த ஆவணத்தையும், ஆவணமாகப் பயன்படவே முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தாலொழிய, அழிக்கத் தடை விதிக்கிறது. ஆனால் 1892-க்குப் பின் வந்தவைதானே சுதந்திரப் போராட்டமும் குடியரசின் வாழ்வும்?

எல்லா மறுப்பும் அநியாயம் என்று நான் சொல்லவரவில்லை. 1962 சீனப் போரில் ராணுவம் தோற்றதைப் பற்றி லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் 1963-இல் தந்த அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் அதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டார். மத்தியத் தகவல் ஆணையம் அறிக்கையைத் தானே வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லை இன்னும் தீர்க்கப்படாத நிலையில் அதன் எந்தப் பகுதியையும் வெளியிட முடியாது என்று 2009 மார்ச்சில் தீர்ப்பளித்தது. முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. அரை நூற்றாண்டுக்கு முந்தைய படை நிலைகளைப் பிரித்துவிட்டு, கட்டளை அமைப்பில் நேர்ந்த தவறுகளைப் பற்றிய பகுதியையாவது தகவல் உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவின் கீழ் தந்திருக்கலாம். ஆனால் முறை சரியானது. கோப்பை வைத்திருக்கும் துறைக்கு வெளியே உள்ள ஒருவர் அதைக் கண்ணால் பார்த்து, காரணம் எழுதி முடிவு செய்தார். 2014 மார்ச்சில் நெவில் மேக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் அந்த அறிக்கையின் பெரும்பகுதியை இணையத்தில் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகும் அரசின் பதிவேட்டில் அது ரகசியமாகவே நீடித்தது. உலகமே படித்துவிட்ட ஒன்றை மூடி வைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு கிடைப்பதில்லை. நம் மாணவர்கள் நம்பகமான முழுப் படியை இழந்து நிற்பதுதான் மிச்சம்.

பிரிட்டனில் இது எப்படி நடக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் நம்மிடம் குறைவது எதுவென்று விளங்கும். அங்கே 1958-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் ஐம்பது ஆண்டு என்று வைத்தது, பிறகு முப்பதானது, 2013 முதல் படிப்படியாக இருபதாகக் குறைக்கப்பட்டது. அங்கேயும் துறைகளே முதலில் கோப்பைப் பார்க்கின்றன. ஆனால் இருபது ஆண்டுக்குப் பிறகு ஒரு கோப்பை மூடி வைக்க வேண்டுமென்றால், எந்த விலக்கின் கீழ், எத்தனை ஆண்டுக்கு என்று எழுதி ஆலோசனைக் குழு ஒன்றின் முன் வைத்தாக வேண்டும்; வரலாற்றாசிரியர்களும் ஆவணவியலாளர்களும் அக்குழுவில் இருப்பார்கள். மூடிய கோப்பின் பெயரும் அது திறக்கப்படும் ஆண்டும் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் பட்டியலில் பெரும்பாலும் தெரியும். யார் வேண்டுமானாலும் அதை மறுபரிசீலனை செய்யும்படி கேட்கலாம். சுருங்கச் சொன்னால், அங்கே மூடுவதற்குக் காரணம் எழுத வேண்டும். இங்கே திறப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கிறது. அந்த முறையும் குறையற்றதன்று. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிய கென்யாவின் மாவ் மாவ் போராளிகள் தொடுத்த வழக்கில், 37 முன்னாள் காலனிகளிலிருந்து கொண்டுபோன சுமார் 8,800 கோப்புகளை அந்நாட்டு வெளியுறவுத் துறை யாருக்கும் சொல்லாமல் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் வைத்திருந்தது 2011-இல் அம்பலமானது. ஈழத் தமிழர்களுக்கு நேரடியாக வலிக்கும் செய்தியும் உண்டு: 1970களின் இறுதியில் இலங்கை தொடர்பாகத் தொகுக்கப்பட்ட ஏறக்குறைய 200 கோப்புகளை அதே துறை அழித்துவிட்டது பின்னர் வெளிவந்தது. போருக்கு முந்தைய அந்த ஆண்டுகளை எழுதப் புகும் எவருக்கும் அந்த இடைவெளி இனி நிரம்பாது.

இனி உங்கள் கோப்புக்கு வருவோம். விண்ணப்பத்தை ஆவணக்காப்பகத்துக்கு அனுப்பாமல், கோப்பை உருவாக்கிய அமைச்சகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். அந்த அமைச்சகம் பின்னாளில் பிரிந்தோ இணைந்தோ போயிருந்தால், 6(3) பிரிவின்படி உரிய இடத்துக்கு ஐந்து நாளில் மாற்ற வேண்டியது அவர்கள் கடமை. கட்டணம் பத்து ரூபாய், இணையத்திலும் செலுத்தலாம். விண்ணப்பம் 500 சொல்லுக்குள் இருக்கட்டும். 'இன்ன பொருள் குறித்த எல்லா ஆவணங்களும்' என்று கேட்டால் தேடித் தர இயலாது என்று பதில் வரும். பட்டியலில் கண்ட கோப்பு எண், ஆண்டு, தலைப்பு, பிரிவின் பெயர் ஆகியவற்றை அப்படியே எழுதுங்கள். கூடவே நான்கு செய்திகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: இந்தக் கோப்பு இப்போது எங்கே இருக்கிறது, இதன் ரகசிய நிலை என்ன, பொது ஆவணங்கள் சட்டத்தின் கீழ் இது கடைசியாக என்று மறுபரிசீலனை செய்யப்பட்டது, அழிக்கப்பட்டிருந்தால், எந்தத் தேதியில், யார் உத்தரவின்படி. என் அனுபவத்தில் இந்த நான்கு கேள்விகளே பல நேரங்களில் கோப்பைவிட அதிகம் பேசும். மறுபரிசீலனையே நடக்கவில்லை என்று எழுத்தில் பதில் வந்துவிட்டால், மேல்முறையீட்டுக்கு அதுவே உங்கள் முதல் ஆதாரம்.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும் மறுத்தாலும், அடுத்த முப்பது நாளுக்குள் அதே அமைச்சகத்தின் மூத்த அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அங்கும் தீராவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்திடம் இரண்டாவது. மேல்முறையீட்டில் மூன்றை வலியுறுத்துங்கள். 8(3) சொல்லும் இருபது ஆண்டு கடந்துவிட்டதைச் சுட்டுங்கள். எந்தப் பகுதி, எப்படித் தீங்கு தரும் என்று காட்டாமல் பிரிவு எண்ணை மட்டும் எழுதியது போதாது என்று சொல்லுங்கள். முழுவதும் தர முடியாதென்றால் 10-ஆவது பிரிவின்படி மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைத் தரும்படி கேளுங்கள். படி எடுக்கப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். நேரில் பார்வையிட முதல் மணி நேரம் இலவசம். தடித்த கோப்பானால் பார்வையிடுவதையே முதலில் கேளுங்கள், ஏனெனில் குறிப்புப் பக்கங்களின் ஓரத்தில் அதிகாரிகள் எழுதிய இரண்டு வரி, அச்சிட்ட கடிதங்களைவிட அதிகம் சொல்லும் இடங்கள் உண்டு.

இந்த வழி பலன் தராது என்று சோர்ந்துவிட வேண்டாம். கச்சத்தீவு தொடர்பான 1974-ஆம் ஆண்டு ஆவணங்களை, அன்றைய வெளியுறவுச் செயலர் கேவல் சிங்கும் முதல்வர் கருணாநிதியும் சந்தித்துப் பேசியதன் குறிப்பு உட்பட, வெளியுறவு அமைச்சகம் 2024-இல் தகவல் உரிமை விண்ணப்பம் ஒன்றுக்குப் பதிலாகத் தந்தது. விண்ணப்பித்தவர் அப்போது தமிழக பாஜக தலைவராக இருந்த அண்ணாமலை. அதைச் சுற்றி எழுந்த தேர்தல்கால வாதங்களுக்குள் நான் போகவில்லை. ஐம்பது ஆண்டான, அண்டை நாட்டோடு தொடர்புடைய, இன்றும் சூடான ஒரு பொருளைப் பற்றிய ஆவணத்தை அமைச்சகம் நினைத்தால் தர முடியும் என்பதே நமக்குத் தேவையான முன்னுதாரணம். உங்கள் மேல்முறையீட்டில் இதைத் தயங்காமல் மேற்கோள் காட்டலாம்.

சில எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். உளவுத் துறை, வெளிநாட்டு உளவு அமைப்பான ரா போன்று இரண்டாம் அட்டவணையில் உள்ள அமைப்புகளிடம், ஊழலும் மனித உரிமை மீறலும் பற்றிய தகவல் தவிர வேறெதையும் இச்சட்டத்தின் கீழ் கேட்க முடியாது. ஆனால் அவை பிற அமைச்சகங்களுக்கு அனுப்பிய அறிக்கையின் படி அங்குள்ள கோப்பில் இருந்தால் அந்த அமைச்சகத்திடம் கேட்டுப் பார்க்கலாம். நேதாஜி குடும்பத்தார் உளவுத் துறையால் இருபது ஆண்டு காலம் கண்காணிக்கப்பட்டது 2015-இல் தெரியவந்ததும், ஆவணக்காப்பகத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்டிருந்த கோப்புகளிலிருந்துதான். தகவல் உரிமை இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. மலேசியா, சிங்கப்பூர், இலங்கைக் குடியுரிமை பெற்ற தமிழ் ஆய்வாளர்கள் இந்த விண்ணப்பத்தைப் போட முடியாது, அவர்கள் தம் நிறுவனத்தின் கடிதத்தோடும் தூதரகக் கடிதத்தோடும் வாசிப்பறைக்கு வருவதே வழி. 1993 சட்டம் மத்திய அரசுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் மட்டும் உரியது என்பதால், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் கோப்புகளுக்கு அது பொருந்தாது. அங்கே அரசாணைகளைத் தேடுபவர் மாநில அரசின் விதிகளின்படி அனுமதி பெற வேண்டும். தலைமைச் செயலகத் துறைகளிலேயே தங்கிவிட்ட கோப்புகளுக்குத் தகவல் உரிமைச் சட்டம் அங்கும் அப்படியே செல்லும். இரண்டாவது மேல்முறையீடு மட்டும் மாநிலத் தகவல் ஆணையத்திடம் போகும்.

உங்களிடம் இருக்கும் 'என்.டி.' சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் படியை விண்ணப்பத்தோடு இணையுங்கள். கோப்பு ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்று அமைச்சகம் கைகாட்டித் தப்பிக்காமல் இருக்க அது ஒன்றே போதும்.